எதிர்த்து நிற்க ஆளில்லை!

2018 ஜனவரி 4. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத் தலைநகரம் ரிச்மண்ட். மாகாணத் தேர்தல் வாரியம் கூடியிருக்கும் அறையில், மேசை மேல் ஒரு பீங்கான் கிண்ணம். அன்றைய காரியத்துக்கென்று நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தது. அதற்குள் இரண்டு ஃபிலிம் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்துத் திறக்கிறார். டேவிட் யான்சி என்று வருகிறது. நம் பழைய குடவோலையைப் போலவே ஒரு சீட்டில் 94-வது தொகுதியின் தலைவிதி முடிந்தது. குடியரசுக் கட்சியின் யான்சிக்கும் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸுக்கும் சரியாக ஆளுக்கு 11,608 வாக்குகள். முதல் எண்ணிக்கையில் யான்சிக்கு 10 வாக்கு அதிகம். மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸுக்கு ஒரே ஒரு வாக்கு அதிகம். மறுநாள் மூன்று நீதிபதிகள் ஒரு வாக்குச்சீட்டைக் கையில் எடுத்தார்கள். அதில் இரண்டு பெயர்களுக்கு எதிரேயும் வட்டம் கறுப்பாக்கப்பட்டிருந்தது. சைமண்ட்ஸின் வட்டத்தின் மேல் மட்டும் ஒரு சாய்கோடு. அந்த வாக்கு யான்சிக்கே என்று அவர்கள் தீர்ப்பளித்ததால்தான் சமநிலையும் கிண்ணமும்.

அன்று அந்தச் சீட்டு மாறி வந்திருந்தால், நூறு பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையில் இரு கட்சிகளும் 50-50 என்று நின்றிருக்கும். யான்சி பெயர் வந்ததால் குடியரசுக் கட்சி 51-49 என்று பிழைத்தது. உலகமே அந்தக் கிண்ணத்தைப் படமெடுத்துப் போட்டது. ஆனால் செய்தி கிண்ணத்தில் இல்லை. இரண்டு மாதம் முன்பு வரை அதே அவையில் பலம் 66-34. அந்த 66-ல் கணிசமானவை ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தாமல் முந்தைய தேர்தல்களில் விட்டுக்கொடுத்த இடங்கள். 2017-ல்தான் அக்கட்சி 100-ல் 88 தொகுதிகளில் வேட்பாளரை நிறுத்தியது. 15 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது.

அப்படியானால், அதற்கு முன் ஏன் நிறுத்தவில்லை? இது வர்ஜீனியாவுக்கு மட்டுமான கேள்வி இல்லை. அமெரிக்காவின் 50 மாகாணச் சட்டமன்றங்களில் மொத்தம் 7,300-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. அண்மைத் தேர்தல்கள் பலவற்றில், போட்டிக்கு வந்த இருக்கைகளில் 10-க்கு ஏறக்குறைய 4-ல் இரு பெரிய கட்சிகளில் ஒன்றுதான் களத்தில் இருந்தது. தெற்கிலும் கிராமப்புறங்களிலும் களத்தை விட்டு விலகி நிற்பது ஜனநாயகக் கட்சி. மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் குடியரசுக் கட்சி. எங்கே எந்தக் கட்சி சிறுபான்மையோ, அது அங்கே தேர்தலையே கைவிடுகிறது. ஜனநாயகத்துக்கு எடுத்துக்காட்டாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் நாட்டில், பாதிக்குச் சற்றுக் குறைவான இடங்களில் வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை.

கணக்குப் பார்த்துக் கைவிடுவது

காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அவற்றில் மர்மம் ஒன்றும் இல்லை. முதலாவது, தோற்கிற இடத்தில் நிற்க யார் வருவார்? சட்டமன்ற வேலை பல மாகாணங்களில் வயிற்றுப்பாட்டுக்கு உதவாது. வேலையை விட்டு, ஓராண்டு வீடு வீடாக அலைந்து, 30 சதவீத வாக்கு வாங்கித் திரும்புவதற்கு ஓய்வு பெற்றவரோ வசதியுள்ளவரோதான் தயார். சிறு ஊரில் இன்னொரு விலையும் உண்டு. ஊரில் முக்கால்வாசிப் பேர் வெறுக்கிற கட்சியின் பெயரைத் தன் வீட்டு வாசலில் பலகையாக நட்டுவைக்கும் கடைக்காரர், மறுநாளும் அதே ஊருக்குத்தான் சாமான் விற்க வேண்டும். இரண்டாவது, கட்சித் தலைமை. ஐந்தாறு இடங்கள் மாறினால் அவையே மாறும் என்றிருக்கும்போது, பணமும் ஆளும் அந்த ஐந்தாறுக்கே போகின்றன. மற்ற இடங்களுக்கு ஆள் தேடும் வேலையைக்கூட யாரும் செய்வதில்லை. மூன்றாவது, தொகுதி எல்லைகள். ஆளுங்கட்சி தனக்கு வசதியாகக் கோடு கிழித்த தொகுதியில் நிற்பது வீண் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

இந்த மூன்றும் உண்மை. ஆனால் மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கோடு கிழிக்கிறவர்கள் யார்? பெரும்பாலான மாகாணங்களில் அதே சட்டமன்ற உறுப்பினர்கள்தான். 2010-ல் குடியரசுக் கட்சி இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு, அந்த ஆண்டு மாகாணச் சட்டமன்றத் தேர்தல்களுக்கென்றே தனித் திட்டம் போட்டுப் பணத்தை இறக்கியது. ஜனநாயகக் கட்சி ஒரே நாளில் 600-க்கும் மேற்பட்ட மாகாண இருக்கைகளை இழந்தது. மறு ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எல்லைகளை வரைந்தவர்கள் அந்தப் புதிய உறுப்பினர்கள். சிறிய தேர்தல் என்று அலட்சியம் செய்ததன் விளைவாக வந்த வரைபடத்தையே, அடுத்த பத்தாண்டு சிறிய தேர்தல்களைக் கைவிடக் காரணமாகக் காட்டினார்கள்.

பெட்டிச் செய்தி: சட்டமன்ற உறுப்பினர் சம்பளம்
நியூ ஹாம்ப்ஷயர்: ஆண்டுக்கு 100 டாலர். அங்கே கீழவையில் மட்டும் 400 உறுப்பினர்கள்.
டெக்சாஸ்: ஆண்டுக்கு 7,200 டாலர். இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூட்டம்.
நியூ மெக்சிகோ: நீண்ட காலமாகச் சம்பளமே கிடையாது; அவை கூடும் நாட்களுக்குப் படி மட்டும்.
கலிஃபோர்னியா: ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல்.
வேட்புமனுக் கட்டணம்: டெக்சாஸ் கீழவைக்கு 750 டாலர். ஃபுளோரிடாவில் கட்சி வேட்பாளருக்கு 1,781 டாலர் 82 சென்ட்.

டிசம்பரில் எடுத்த முடிவு

கைவிடுவதை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஜெயிக்க முடியாத இடம் என்று தெரிந்த பிறகு எதற்காக நிற்பது? இந்த வாதத்தின் உயிர் ‘தெரிந்த பிறகு’ என்ற சொல்லில் இருக்கிறது. எப்போது, எதை வைத்துத் தெரிந்தது? டெக்சாஸில் டாலஸ் நகரின் வட பகுதியை உள்ளடக்கிய 32-வது நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்கள். மாகாணத் தேர்தல் இல்லைதான். ஆனால் இந்தக் கணக்கு பொய்ப்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் வேறில்லை. 2012 அதிபர் தேர்தலில் அங்கே குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் முன்னணி பெற்றிருந்தார். எனவே 2016-ல் அங்கே உறுப்பினராயிருந்த பீட் செஷன்ஸை எதிர்த்து ஜனநாயகக் கட்சியிலிருந்து யாரும் நிற்கவில்லை. டெக்சாஸில் வேட்புமனு முடிவது முந்தைய ஆண்டு டிசம்பரில். அதாவது 2015 டிசம்பரில், டிரம்ப் தன் கட்சியின் வேட்பாளராக வருவாரா என்பதே யாருக்கும் தெரியாத நாளில், அடுத்த நவம்பருக்கான முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. நவம்பர் வந்தது. படித்த புறநகர் வாக்காளர்கள் கூட்டமாகக் கட்சி மாறி வாக்களித்தார்கள். அதே தொகுதியில் ஹிலாரி கிளின்டன் டிரம்பைவிட அதிக வாக்கு பெற்றார். ஆனால் அவருக்கு வாக்களித்த கையோடு நாடாளுமன்றத்துக்கும் குத்தலாம் என்று பார்த்தவருக்கு அங்கே அவர் கட்சியின் பெயர் இல்லை. 2018-ல் காலின் ஆல்ரெட் நின்றார், செஷன்ஸைத் தோற்கடித்தார்.

பழைய தேர்தலின் எண்ணை வைத்துப் புதிய தேர்தலை முடிவு செய்யும்போது நடப்பது இதுதான். காற்று திசை மாறுவது முன்கூட்டிச் சொல்லிவிட்டு நடப்பதில்லை. ஊழல் வழக்கு வரலாம், உறுப்பினர் திடீரென ஓய்வு பெறலாம், மேலே நிற்கிற அதிபர் வேட்பாளர் கீழே உள்ள எல்லாரையும் இழுத்துக்கொண்டு விழலாம். அதெல்லாம் நடக்கிற நாளில் வேட்புமனுத் தேதி முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். 2017 வர்ஜீனியா வெற்றி டிரம்ப் மீதான கோபத்தால் வந்தது, வேட்பாளர் எண்ணிக்கையால் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். கோபம் இருந்தது உண்மை. ஆனால் கோபம் வாக்குச்சாவடிக்கு வந்தபோது குத்துவதற்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. சைமண்ட்ஸே 2015-ல் அதே யான்சியிடம் தோற்றவர். 2017-ல் சமநிலை. 2019-ல் வென்றார். முதல் தோல்வியை வீண் செலவு என்று எழுதியவர்கள், பிந்தைய இரண்டு தேர்தல்களுக்கான அறிமுகம் அப்போதுதான் நடந்தது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெட்டிச் செய்தி: ஒரே இருக்கை, மூன்று தேர்தல்
2014: அமெரிக்க செனட்டின் அலபாமா இருக்கை. குடியரசுக் கட்சியின் ஜெஃப் செஷன்ஸை எதிர்த்து ஜனநாயகக் கட்சி வேட்பாளர் இல்லை. அவருக்கு 97 சதவீத வாக்கு.
2017 டிசம்பர் 12: இடைத்தேர்தல். குடியரசுக் கட்சியின் ராய் மூர் கடும் குற்றச்சாட்டுகளில் சிக்கியிருந்தார். ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் ஏறக்குறைய 22,000 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி.
2020: ஜோன்ஸ் 20 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

அலபாமாவைக் காட்டி, ‘கடைசியில் தோற்றார்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், தோற்றார். ஆனால் செனட்டில் 52-48 என்றிருந்த பலம் அவர் வந்ததால் 51-49 ஆகி, அங்கே எடுக்கப்பட்ட ஒவ்வொரு முடிவிலும் மூன்றாண்டு அந்த ஒரு வாக்கு எண்ணப்பட்டது. ஒரு மாகாணத்தின் அரசியலை நிரந்தரமாக மாற்ற ஒரு வேட்பாளரால் முடியாது; கதவு திறக்கிற அன்று அங்கே நிற்க முடியும்.

கென்டக்கியின் இரட்டைத் தீர்ப்பு

விளைவுகளை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கென்டக்கிக்குப் போக வேண்டும். அங்கே ஆளுநர் ஆண்டி பெஷியர் ஜனநாயகக் கட்சிக்காரர். 2019-ல் ஐந்தாயிரத்துச் சொச்சம் வாக்கில் வென்றார், 2023-ல் இன்னும் தெளிவாக வென்றார். டிரம்ப் பெரும் வித்தியாசத்தில் ஜெயிக்கும் மாகாணம் அது. 2016 வரை அதன் கீழவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அதன் பிறகோ பல தொகுதிகளில் அக்கட்சிக்கு நிறுத்த ஆளில்லாமல் போனது. 2022 நவம்பர் 8-ஆம் தேதி ஒரே வாக்குச்சீட்டில் கென்டக்கி மக்கள் இரண்டு தீர்ப்புகள் தந்தார்கள். கருக்கலைப்பு உரிமை கிடையாது என்று மாகாண அரசியலமைப்பில் எழுதும் திருத்தத்தை 52 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதே நாளில் நூறு பேர் கொண்ட கீழவையில் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த கட்சியின் பலம் 75-லிருந்து 80 ஆனது.

இந்த முரணுக்கு முழுக் காரணமும் போட்டியின்மைதான் என்று சொன்னால் மிகையாகும். கட்சிப் பற்று, தொகுதி எல்லை எல்லாமே சேர்ந்ததுதான். ஆனால் கேள்வியாக வைத்தபோது ‘வேண்டாம்’ என்று குத்திய கை, அதே கருத்துள்ள ஒரு மனிதரைத் தேடியபோது பல தொகுதிகளில் அப்படி ஒரு மனிதர் சீட்டிலேயே இல்லை. அந்த மாகாணத்தில் ஆளுநரின் மறுப்பாணையைத் தள்ளுபடி செய்ய மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. மொத்த உறுப்பினர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2022 ஏப்ரலில், திருத்தம் வாக்கெடுப்புக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்பே, கருக்கலைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைப் பெஷியர் மறுத்ததும் சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றிவிட்டது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஆளுநரின் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு அங்கே சில நாள் தாமதம் என்பதற்கு மேல் பொருளில்லை.

எதிரே பலம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீண்டும் வர்ஜீனியாவே சாட்சி. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவுபடுத்த 2014-லிருந்து ஆளுநர் டெரி மெக்காலிஃப் கேட்டுக்கொண்டே இருந்தார். செலவில் குறைந்தது 90 சதவீதத்தை மத்திய அரசே தருவதாக இருந்தும் கீழவை மறுத்துக்கொண்டே இருந்தது. 2017 தேர்தலுக்குப் பிறகும் அவை குடியரசுக் கட்சியின் கையில்தான் இருந்தது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர்கள் 15 பேர் காணாமல் போயிருந்தார்கள். 2018 பிப்ரவரியில் அக்கட்சியின் 19 உறுப்பினர்கள் விரிவாக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஜூன் மாதம் ஆளுநர் ரால்ஃப் நார்தம் கையெழுத்திட்டார். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. தகுதி பெற்றவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். கிண்ணத்தில் சீட்டு யாருக்கு விழுந்தது என்பதைவிட இது பெரிது. தோற்பதற்கு வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்தாலே ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்கத் தொடங்குகிறார். சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க முடியாமல் இருந்தவருக்கு எந்தக் கட்சி வென்றது என்பதைவிட, அந்தத் தேர்தல் நடந்தது என்பதே முக்கியம்.

காலி இடம் காலியாக இருப்பதில்லை

கட்சி விட்டுப்போன இடத்தில் வேறு யாராவது வந்து உட்காருவார்கள். 2018-ல் சிகாகோ வட்டாரத்தின் இலினாய் 3-வது நாடாளுமன்றத் தொகுதியை ஜெயிக்க முடியாத இடம் என்று குடியரசுக் கட்சி விட்டுவைத்தது. உட்கட்சித் தேர்தலில் ஒரே ஒருவர் மனு போட்டார். அவர் ஆர்தர் ஜோன்ஸ், யூத இன அழிப்பே நடக்கவில்லை என்று பேசிவந்த நாஜி ஆதரவாளர். போட்டியின்றி அவரே அதிகாரபூர்வ வேட்பாளரானார். கட்சி அவரைக் கைகழுவி அறிக்கை மேல் அறிக்கை விட்டது. ஆனால் வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் பெயர் நின்றது, நவம்பரில் 50,000-க்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். ஒரு வேட்பாளரைத் தேடிப் பிடிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்தியதற்குக் கட்சி கொடுத்த விலை அது.

எதிர்ப்பில்லாமல் ஜெயிக்கிறவரிடம் ஏற்படும் மாற்றமும் கவனிக்க வேண்டியது. அவர் திரட்டிய நிதி செலவாகாமல் இருக்கிறது. போட்டி கடுமையாக உள்ள பக்கத்துத் தொகுதிச் சகாக்களுக்கு அதைத் திருப்பிவிடுகிறார். ஆகவே ஒரு மூலையை விட்டுக்கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடித்ததாக நினைக்கும் கட்சி, தான் குறிவைத்த தொகுதியிலேயே அந்தப் பணத்தை எதிரியின் கையில் சந்திக்கிறது. அவர் பயப்பட வேண்டிய ஒரே தேர்தல், சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். அதற்கு வருகிறவர்கள் மிகச் சிலர், பெரும்பாலும் தீவிரமானவர்கள். அவர்களைத் திருப்திப்படுத்தப் பேசிப் பழகிய நாக்கு, நடுவில் நிற்கிற பெரும்பான்மைக்காகப் பேச மறந்துவிடுகிறது.

மாசசூசெட்ஸ்: கண்ணாடியின் மறுபக்கம்

இதை ஜனநாயகக் கட்சிக்காகப் பரிந்து பேசும் வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாசசூசெட்ஸில் நோய் அதே, நோயாளிதான் வேறு. அங்கே சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. குடியரசுக் கட்சி தொகுதி தொகுதியாக ஆள் நிறுத்துவதில்லை. மக்கள் அக்கட்சியை வெறுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. வில்லியம் வெல்ட் முதல் மிட் ராம்னி, சார்லி பேக்கர் வரை குடியரசுக் கட்சி ஆளுநர்களை அவர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2018-ல் பேக்கருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. அப்படிப்பட்ட வாக்காளருக்குச் சட்டமன்றத்துக்கு மட்டும் தேர்வு மறுக்கப்படுகிறது. விளைவு? அடுத்தடுத்து மூன்று சபாநாயகர்கள், சார்லஸ் ஃபிளாஹர்ட்டி, தாமஸ் ஃபினரன், சால்வதோர் டிமாசி, வெவ்வேறு குற்றங்களில் தண்டனை பெற்றார்கள். டிமாசிக்கு 2011-ல் எட்டாண்டுச் சிறை. போட்டியில்லாத அவையில் சபாநாயகரைக் கேள்வி கேட்க எதிர்வரிசையில் போதிய ஆளில்லை. சொந்த வரிசையில் துணிவில்லை. 2024-ல் சட்டமன்றத்தைத் தணிக்கை செய்ய மாகாணத் தணிக்கையாளருக்கு அதிகாரம் தரும் கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. தம் உறுப்பினரை வாக்கால் மாற்ற வழியில்லாத மக்கள், கணக்குப் புத்தகத்தையாவது திறந்து காட்டச் சொன்னார்கள்.

பணம் இல்லையா?

கடைசி எதிர்வாதம் பணம். எல்லா இடத்திலும் நின்றால் எங்கேயும் ஜெயிக்க முடியாது என்பார்கள். 2005-ல் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவராக வந்த ஹோவர்ட் டீன், 50 மாகாணங்களிலும் ஊழியர்களை நியமித்தபோது கட்சிக்குள்ளேயே ராம் இமானுவேல் போன்றவர்கள் இதைச் சொல்லித்தான் சண்டை போட்டார்கள். வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. விளம்பரப் பணத்தை 30 சதவீதத் தொகுதியில் கொட்டுவது முட்டாள்தனம். கீழே ஒரு வேட்பாளர் நின்றால் மேலே அதிபர் வேட்பாளருக்கு வாக்கு கூடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் உறுதியாக இல்லை. அதை வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனால் பணமில்லை என்பது பொருந்தவில்லை. 2020 செனட் தேர்தலில் கென்டக்கியில் மிட்ச் மெக்கானலை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ஏமி மெக்ராத் 90 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டி ஏறத்தாழ 20 புள்ளியில் தோற்றார். தென் கரோலினாவில் ஜேமி ஹாரிசன் 130 மில்லியனுக்கு மேல் திரட்டி 10 புள்ளியில் தோற்றார். டெக்சாஸ் கீழவையின் 150 இடங்களுக்கும் மனுக் கட்டணம் கட்ட ஆகும் மொத்தச் செலவு 1,12,500 டாலர்தான். தொலைக்காட்சியில் தெரியும் முகத்துக்கு நன்கொடை குவிகிறது. மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்தில் சாலையையும் சிறையையும் சொத்து வரியையும் முடிவு செய்யும் நாற்காலிக்கு யாரும் வருவதில்லை.

பெயரை மட்டும் போட்டு அனுப்புவது போதாது என்பதும் உண்மைதான். வட கரோலினாவில் ஜனநாயகக் கட்சி 2024-ல் 170 சட்டமன்ற இடங்களில் 168-ல் ஆளை நிறுத்தியது. அள்ளிக் குவிக்கவில்லை. கீழவையில் குடியரசுக் கட்சி 71 இடங்களோடு பெரும்பான்மையைத் தக்கவைத்தது. மறுப்பாணையைத் தள்ளுபடி செய்யத் தேவை 72. ஒரே ஒரு இடம். அந்த ஓர் இடத்தால், ஆளுநர் மறுத்தால் இனி ஆளுங்கட்சி எதிர்வரிசையில் ஒருவரிடமாவது பேசியாக வேண்டும். இதைவிட நீண்ட பொறுமைக்கும் முன்னுதாரணம் இருக்கிறது, அதுவும் எதிர்த்தரப்பில். ஒரு காலத்தில் தெற்கு முழுவதும் ஜனநாயகக் கட்சியின் ஒற்றைக் கட்சி ராஜ்ஜியம். ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச் 1974-ல் நின்று தோற்றார். 1976-ல் மீண்டும் தோற்றார். 1978-ல் வென்றார். 1995-ல் நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகரானார். ஜார்ஜியாவின் மேலவை 2002-லும் கீழவை 2004-லும் அவர் கட்சியின் கைக்கு வந்தன. அவருடைய அரசியலை ஏற்க வேண்டியதில்லை. முதல் இரண்டு முறை அவர் நிற்பதை யாராவது தடுத்திருந்தால் மூன்றாவது முறை வெற்றி நடந்திருக்காது.

டெக்சாஸில் வேட்புமனுவை அரசு அலுவலகத்தில் கொடுப்பதில்லை, கட்சியின் கவுண்டித் தலைவரிடமோ மாகாணத் தலைவரிடமோதான் கொடுக்க வேண்டும். டிசம்பர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை மாலை 6 மணியோடு முடிகிறது. எந்தெந்தத் தொகுதிக்கு எதிரே பெயர் எழுதப்படவில்லை என்பது அன்று இரவே கட்சிக்குத் தெரிந்துவிடும். வாக்காளருக்கு அது தெரிவது பதினொரு மாதம் கழித்து, வரிசையில் நின்று, சீட்டைக் கையில் வாங்கும்போது.